அளவெல்லாம் சரியாகத்தான் இருந்தது

நான் எழுதிய முதல் உருப்படியான ஸ்கிரிப்ட் பதினெட்டு வரிதான். கறுப்புத் திரையில் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: எவ்வளவு பெரிய கோப்பு வேண்டும்? ஓர் எண்ணைத் தட்டினால் கண்மூடித் திறப்பதற்குள் அந்த அளவில் ஒரு கோப்பைச் செய்து வைத்துவிடும். ஓர் எழுத்துக் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. உள்ளே விசயம் ஒன்றும் இருக்காது. வேனுக்குள் எத்தனை பெட்டி கொள்ளும் என்று பார்க்க முதலில் வெறும் பெட்டிகளை அடுக்கிப் பார்ப்பதில்லையா, அதே வேலைதான். கணினிக்காரர்கள் இதைப் பரிசோதனைக் கோப்பு என்பார்கள்.

அளவு வந்தால் போதும் என்பதால் உள்ளே எதை வேண்டுமானாலும் போட்டு நிரப்பலாம். பூச்சியத்தைப் போடலாம், புள்ளியைப் போடலாம். நான் என் பெயரைப் போட்டேன். என் பெயர், ஓர் இடைவெளி, மறுபடியும் என் பெயர் என்று ஆயிரக்கணக்கான தடவை ஓடி, கேட்ட அளவு முடிகிற இடத்தில் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கும். அதைத் திறந்து பார்த்து நானே சிரிப்பேன். அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதில் தன் பெயரைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் அலுக்காது.

ஊரில் என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருக்கிறது. அமானிதமாக ஒரு பொருளைக் கொடுத்தால் நம்பி இருக்கலாம், கண்ணுக்குள் வைத்துக் காப்பான் என்று சொல்வார்கள். அந்தப் பேச்சு என் காதில் விழும்போதெல்லாம் உடம்பு கூசும். எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடுவேன். அடக்கமான பிள்ளை என்று அதற்கும் ஒரு பாராட்டுக் கிடைக்கும்.

சுனாமியில் கடல் வந்து போன அடுத்த வருடம் அது. கல்முனையில் பெரிய வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒழுங்கை ஒன்றில், ஒரு மாடி வீட்டின் மேல்தட்டில் எங்கள் கந்தோர் இருந்தது. வெளியிலிருந்து வந்த ஒரு சிறிய உதவி அமைப்பு. அரிசி, கூடாரம், வள்ளம், வலை எல்லாவற்றையும் பெரிய அமைப்புகள் பங்கு போட்டுக்கொண்டன. மிச்சமாக எங்களுக்கு வந்தவை படங்கள். இடிபாட்டுக்குள்ளிருந்தும் பற்றைக்குள்ளிருந்தும் சனங்கள் பொறுக்கிக்கொண்டு வந்த, உப்புத் தண்ணீரில் ஊறிய ஃபோட்டோக்கள். அவற்றைக் கழுவி, உலர்த்தி, ஸ்கேன் பண்ணிக் கணினியில் சேமித்து, அசலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேட்டால் பிரதியும் அச்சடித்துக் கொடுப்போம். கல்யாணம், பள்ளிக்கூடப் பரிசளிப்பு, புது மோட்டார்சைக்கிளுக்குப் பக்கத்தில் விறைத்துக்கொண்டு நிற்கும் வாப்பா. படத்தில் இருந்தவர்களில் பாதிப்பேர் இப்போது இல்லை. நான் கணினிப் பொறுப்பாளர். சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கும். இரண்டு கணினிக்கும் ஒரு ஸ்கேனருக்கும் ராசா, அவ்வளவே.

வேலை தொடங்கிய இரண்டாம் கிழமை பள்ளிவாசல் நிர்வாகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கதிரையில் உட்கார்ந்து பிளேன்டீ குடித்து முடித்த பிறகுதான் மூத்தவர் வாயைத் திறந்தார்.

"படத்தக் காப்பாத்துறது நல்ல காரியம்தான். ஆனா எங்கட பொம்புளையள்ற படம் பிற ஆம்புளையள்ற கண்ணுல படப்படாது. அதுக்கொரு வழி செய்யுங்க."

எங்கள் பக்கத்தில் கல்யாண ஆல்பம் அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் கிடக்கும். வீட்டுக்கு வருகிற ஆண்களுக்கு அதை விரித்துக் காட்டுவதில்லை. என் உம்மாவின் படத்தை என் சிநேகிதன் எவனும் கண்டதில்லை. ஆகவே அவர்கள் கேட்டதில் எனக்குப் புதினம் ஒன்றும் இல்லை. ஒரு வழி செய்தோம். பெண்கள் இருக்கிற படங்களைக் கழுவுவதும் ஸ்கேன் பண்ணுவதும் கந்தோரில் இருந்த ஒரே பெண்ணின் வேலை என்று ஆனது. திருக்கோவிலிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற தமிழ் அக்கா அவர். எனக்கு ஆறேழு வயது மூப்பு. வாய் கொஞ்சம் கூட.

"எழும்பு தம்பி, பொம்பிளையள் வாறாங்க," என்பார். உறைக்குள்ளிருந்து படங்களை எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். நான் எழுந்து மாடிப்படியில் போய் உட்காருவேன். அவர் சேமித்து முடித்துக் கூப்பிட்ட பிறகு திரும்பி வருவேன்.

அந்தப் படங்களுக்கு 'பெண்கள்' என்று தனி ஃபோல்டர். மற்ற ஃபோல்டர்களைத் திறந்தால் ஒவ்வொரு கோப்பும் குட்டிப் படமாகத் தெரியும். இதில் மட்டும் அந்த வசதியை நான் நிறுத்தி வைத்தேன். தவறிப்போய்த் திறந்தாலும் பெயரும் அளவும்தான் தெரியும், முகம் தெரியாது. யாரும் என்னைக் கேட்காமல் நானே செய்த ஏற்பாடு இது. செய்துவிட்டு அக்காவிடம் இரண்டு தரம் சொல்லிக் காட்டினேன்.

ஒருவர் ஒற்றைப் படத்தோடு வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல். முப்பது வயது இருக்கும். சைக்கிளில் சாரன், லுங்கிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு சம்மாந்துறைப் பக்கத்து ஊர்களில் விற்கிறவர். அதனால்தான் கடல் வந்த காலையில் அவர் கடற்கரை வீட்டில் இல்லை. ஒன்றரை வயது மகளை முதல் நாள் அவருடைய தங்கை சம்மாந்துறைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தாள். அதனால் பிள்ளையும் தப்பியது. மனைவியும், மனைவியின் உம்மா வாப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அந்த ஒரே வளவில்தான் இருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை.

சொப்பிங் பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"தம்பி, இது என்ட பொஞ்சாதிட கலியாணப் படம். இது ஒண்டுதான் மிச்சம். அடையாள அட்டையும் பெய்த்து, ஆல்பமும் பெய்த்து. ஆம்புளையள் ஆரும் பாக்கப்படாது. நீங்களும் பாக்கப்படாது."

"நான் பாக்க மாட்டன் காக்கா." காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்.

"வல்லாஹி எண்டு சொல்லுங்க."

"வல்லாஹி, பாக்க மாட்டன்," என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டேன்.

அக்கா உள்ளே வந்தார். நானும் அந்த மனிதரும் மாடிப்படிக்குப் போனோம். படம் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்ததால் அக்கா முதலில் கண்ணாடிக்கு மேலாகவே ஸ்கேன் பண்ணிவிட்டார். பிறகு தண்ணீர்ப் பேசனில் வைத்து மெல்லப் பிரிக்கப் பார்த்திருக்கிறார். கடதாசி வந்தது. முகம் கண்ணாடியிலேயே தங்கி, பிறகு செதில் செதிலாகக் கரைந்து போனது. வெளியே வந்த அக்காவின் கண் சிவந்திருந்தது. அந்த மனிதர்தான் அவரை ஆறுதல்படுத்தினார்.

"பரவாயில்ல தங்கச்சி. அதான் கொம்பியூட்டருக்குள்ள இரிக்கே."

பிரதி ஒன்றை அச்சடித்துத் தரட்டுமா என்று அக்கா கேட்டார். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நான் இப்ப கூடாரத்துல. நாலு பேர் வாற போற இடம், வெக்க ஒரு அலுமாரி இல்ல. ஊடு கிடைக்கட்டும், வந்து எடுக்கிறன். மகள் வளந்து கேட்டா காட்டத்தான் இது. அதுவரைக்கும் உங்கட பொறுப்பு தம்பி."

வீடு சீக்கிரம் கிடைக்கும் என்று அப்போது எல்லோரும் நம்பினோம்.

எங்களிடம் இருந்த சீடி எழுதும் கருவி ஒரு பிடிவாதக்காரக் கழுதை. பாதி எழுதிவிட்டு நின்றுவிடும். எல்லாப் படங்களையும் சீடிகளில் பிரதி எடுத்து வைக்கச் சொல்லிக் கொழும்பிலிருந்து உத்தரவு வந்தபோது, அசலை வைத்து விளையாட எனக்குப் பயம். அப்போதுதான் அந்தப் பதினெட்டு வரியை எழுதினேன். பிறகு அதற்கு இன்னொரு வித்தையும் சொல்லிக் கொடுத்தேன். ஒரு ஃபோல்டரைக் காட்டினால் அதில் இருக்கிற ஒவ்வொரு கோப்பின் பெயரையும் அளவையும் பார்த்து, அதே பெயரில், அதே அளவில் வெறுங்கோப்புகளைச் செய்து அடுக்கிவிடும். இரண்டாவது வன்தட்டில் அப்படி எல்லா ஃபோல்டருக்கும் ஓர் ஒத்திகைச் சோடி செய்தேன். அவற்றைச் சீடியில் எழுதிப் பார்த்து, எத்தனை சீடி வேண்டும், எந்த இடத்தில் கழுதை நிற்கும் என்று கண்டுபிடித்தேன். யோசித்துப் பார்த்தால் அவதானமான வேலைதான். அவதானமாகச் செய்ததால்தான் அந்த அசம்பாவிதமே நடந்தது என்று சொன்னால் நான் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று ஆகும். ஆகவே நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கிழக்கில் மறுபடியும் சண்டை மூண்ட வருடம். கந்தோரை மூடுகிறோம், நாளைக் காலை வேன் வரும், கணினிகளை ஏற்றி அனுப்புங்கள் என்று கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. மற்ற ஃபோல்டர்கள் எல்லாம் சீடியில் ஏறியிருந்தன. 'பெண்கள்' மட்டும் பாக்கி. அதை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்து எழுத அக்கா வர வேண்டும். அவர் பதினொரு மணிக்கு அழைத்தார்.

"தம்பி, இங்கால ரோட்ட மறிச்சுப் போட்டாங்கள். பஸ் ஒண்டும் ஓடல்ல. நாளண்டைக்கு எப்படியும் வாறன். அந்த ஃபோல்டர நீ தொடாத, நான் வந்து பாத்துச் செய்யிறன்."

"ஓம் அக்கா," என்றேன்.

தொடாமல் விட்டிருந்தால் என்ன? இரண்டு நாள் பொறுங்கள் என்று கொழும்புக்குச் சொல்லியிருக்கலாம். ஒரு கணினியையாவது பிந்தி அனுப்பியிருக்கலாம். எங்கள் வீடு பத்து நிமிட சைக்கிள் தூரம், அங்கே என் தங்கை இருந்தாள், கூப்பிட்டிருந்தால் வந்து திறந்து பார்த்துச் சொல்லியிருப்பாள். இவை எல்லாம் பிற்பாடு எனக்குத் தோன்றியவை. அன்றைக்குத் தோன்றியது ஒன்றுதான்: நான் பொறுப்பாளர், என்னால் முடியும்.

திரையில் இரண்டு வன்தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்தேன். அசலோடு குழம்பாமல் இருக்க மற்ற ஒத்திகை ஃபோல்டர்களை ஏற்கனவே அழித்திருந்தேன். அவற்றில் எது அசல், எது வெறுங்கோப்பு என்று குட்டிப் படங்களைப் பார்த்தவுடன் தெரியும். 'பெண்கள்' அப்படி இல்லை. நான்தான் குட்டிப் படங்களை நிறுத்தி வைத்தவன். இந்தப் பக்கம் நாற்பத்தொரு கோப்பு, அந்தப் பக்கமும் நாற்பத்தொரு கோப்பு. அதே பெயர்கள், அதே அளவுகள். வலது பக்கத்தில் இருப்பதுதான் ஒத்திகை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. அதை அழித்தேன். மிஞ்சியதைச் சீடியில் எழுதினேன். ஒன்றுக்கு இரண்டு பிரதி. கழுதைகூட அன்றைக்கு ஒழுங்காக வேலை செய்தது.

ஒன்றை மட்டும் திறந்து பார்க்கலாமா என்று கை போனது உண்மை. சுட்டியை அந்தப் பட்டியலுக்கு மேலே கொண்டுபோனேன். வல்லாஹி என்று சொன்னது நினைவு வந்தது, கையை எடுத்துக்கொண்டேன். அப்போது என் நெஞ்சில் இருந்தது பயம் அல்ல, பெருமை. யாரும் இல்லாத அறையில், யாருக்கும் தெரியவராது என்ற நிலையிலும் பார்க்காமல் இருக்கிறேனே என்ற பெருமை. எண்ணிக்கையையும் அளவையும் பட்டியலோடு ஒப்பிட்டுச் சீடியை உறைக்குள் போட்டு மூடினேன்.

அக்கா மறுநாளும் அழைத்தார். "என்ன தம்பி, அந்த ஃபோல்டர்?"

"முடிஞ்சிது அக்கா. நாப்பத்தொண்டும் இரிக்கி. அளவெல்லாம் சரி."

"தொடாத எண்டு சொன்னனான் எல்லோ," என்றார். பிறகு, "சரி, நீ செய்தா சரியாத்தான் இருக்கும்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

மற்ற நாற்பது படங்களின் அசலும் உலர்ந்து, அந்தந்த வீடுகளுக்குப் போயிருந்தன. கணினியில் மட்டும் இருந்தது ஒரே ஒரு படம்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் போனது. அந்த மனிதர் வீட்டுக்காகக் காத்திருந்து அலுத்து, மகளைத் தங்கையிடம் விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். நான் பெரிய வீதியில் ஒரு சிறிய கடை போட்டேன். போட்டோக்கொப்பி, தட்டச்சு, அடையாள அட்டைக்குப் படம். கல்யாணமும் முடிந்தது. அந்தச் சீடிகள் என் வீட்டு அலுமாரியில் ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் இருந்தன. போர் முடிந்த வருடம், கடைத்தெருவில் வெடி கொளுத்திய சத்தம் ஓய்ந்து சில மாதங்கள் கழித்து, அவர் தொலைபேசியில் அழைத்தார். குரலை உடனே கண்டுகொண்டேன்.

"தம்பி, நான் வந்திட்டன். ஊடும் கிடைச்சிட்டு. அலுமாரியும் வாங்கிட்டன்." சிரித்தார். "மகள் இப்ப ஒண்டாம் ஆண்டு. உம்மா எப்படி எண்டு ஒவ்வொரு நாளும் கேக்கா. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிய அவவையும் கூட்டிக்கிட்டு வாறன்."

வியாழக்கிழமை பின்னேரம் என் மனைவியைக் கடைக்குக் கூட்டிவந்தேன். சீடியைப் போட்டுக் கொடுத்துவிட்டு, பழைய பழக்கப்படி எழுந்து வாசலுக்குப் போனேன். நல்ல தாளில் ஒரு பெரிய பிரதி, சட்டைப்பையில் வைக்க ஒரு சின்னப் பிரதி எடு என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து குரல் வந்தது.

"இஞ்ச பாருங்க. ஒண்டும் வருதில்ல."

"வேற ஒண்டத் திறந்து பாரு."

"எல்லாம் அப்படித்தான். படமே இல்ல. நீங்க வந்து பாக்கலாம், பாக்க ஒண்டும் இல்ல."

போய்ப் பார்த்தேன். கோப்பு இருக்கிறது, பெயர் இருக்கிறது, அளவு இருக்கிறது. படமாகத் திறக்க மாட்டேன் என்கிறது. அடுத்த பிரதியும் அப்படியே. பட்டியலில் அவருடைய மனைவியின் படம் இருந்த கோப்பைப் பிடித்து, எழுத்தாகத் திறந்தேன். திரை நிறைய என் பெயர். கீழே போகப் போக என் பெயர். என் மனைவி அதை வாய்விட்டு வாசித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். கடைசி வரிக்குப் போனேன். அங்கே என் பெயர் பாதியில் வெட்டுப்பட்டு நின்றது.

கொழும்புக்கு அழைத்தேன். அந்தக் கணினிகளைத் துப்புரவாக அழித்து எப்போதோ ஏதோ ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம். அக்காவுக்கு அழைக்க நினைத்தேன், வெட்கத்தில் அழைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அவர் வந்தார். புதுச் சேட்டு, அத்தர் வாசம். கையில் கட்டார் சொக்லேட் பெட்டி. மகளுக்கு வெள்ளைத் தொப்பியும் ரோசா நிறச் சட்டையும் போட்டிருந்தார். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. கடைச் சுவரில் நான் ஒட்டி வைத்திருந்த மாதிரிப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தது. அதில் ஒன்று தன் உம்மாவாக இருக்குமோ என்று தேடுகிறது என்பது எனக்குப் புரிய ஒரு நிமிடம் எடுத்தது.

முழு இரவும் ஒத்திகை பார்த்து வைத்திருந்த உண்மையை என்னால் சொல்ல முடியவில்லை. வாயில் வந்தது வேறு.

"காக்கா, சீடி பழுதாப் பெய்த்து. கன நாள் ஆனதால... திறக்குதில்ல."

அவர் மகளின் தொப்பியைச் சரிசெய்தார்.

"நீங்க என்ன செய்யிற தம்பி. மெசின்தானே," என்றார். "நீங்க இம்மட்டு நாளும் வெச்சிரிந்தீங்களே. பாக்கவும் இல்லதானே?"

"இல்ல காக்கா."

"அது எனக்குத் தெரியும். அது போதும்."

என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிக மோசமான பாராட்டு அது. அதோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை. புறப்படும்போது அவர் சீடியைக் கேட்டார். திறக்காவிட்டாலும் பரவாயில்லை என்றார். "பழுதெண்டாலும் அவட படம் இதுக்குள்ளதானே இரிக்கி. என்ட அலுமாரில இரிக்கட்டும்." நான் மறுக்க ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. உறையோடு எடுத்துக் கொடுத்தேன். பிள்ளை அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. சைக்கிளின் முன் இருக்கையில் உட்கார்ந்து போகும்போதும் நெஞ்சோடு வைத்திருந்தது.

ஒருவருடைய அலுமாரியில், பிற ஆண் பார்க்கக்கூடாது என்று பொத்திப் பொத்திக் காத்த மனைவியின் இடத்தில், என் பெயர் கிடக்கிறது. அதுவும் ஆயிரக்கணக்கான தடவை. இதை நினைத்தால் கடையில் வேலை ஓடாது. ஒரு நாள் சந்தையில் அவரைக் கண்டேன். மகள் எப்படி என்று கேட்டேன், கேட்காமல் இருந்திருக்கலாம்.

"சீடிய எடுத்துப் பாத்துக்கிட்டு இரிப்பா. கண்ணாடி மாதிரி மினுங்குதுதானே. அவட முகம்தான் தெரியும். இதான் உம்மாவா எண்டு கேட்டா. நான் ஓம் எண்டு சொல்லிட்டன்."

நோன்பு மாதம் வந்தது. மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதரே பொறுக்க வேண்டும் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் நோன்பு முடிவதற்குள் ஒருவரிடம் ஒருவர் போய்ப் பொறுத்துக்கொள்ளக் கேட்பது வழக்கம். கடைசிப் பத்து நாளில் ஒரு பின்னேரம், அசர் தொழுதுவிட்டு அவருடைய புது வீட்டுக்குப் போனேன். பூச்சு முடியாத சுவர். முன்னறையில் புத்தம்புது அலுமாரி மட்டும் பளபளவென்று நின்றது. நோன்பு திறக்கப் பள்ளிவாசல் கஞ்சி வாளியில் வந்திருந்தது. மகள் கோப்பைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளைப் பக்கத்து வீட்டுக்கு ஏதோ வாங்கிவர அனுப்பச் சொல்லிக் கேட்டு, அவள் போன பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

ஸ்கிரிப்ட் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. கோப்பையை எடுத்துக் காட்டினேன். ஒரே மாதிரி இரண்டு கோப்பை, இரண்டுக்கும் மூடி. ஒன்றில் கஞ்சி, மற்றதில் வெறும் தண்ணீர். மூடியைத் திறக்காமல் எடை பார்த்து, தண்ணீர்க் கோப்பை என்று நினைத்துக் கஞ்சியைக் கொட்டிவிட்டேன் என்றேன். அவருக்கு விளங்கியது. அந்தச் சீடிக்குள் இருப்பது என் பெயர் என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட ஆசையாக இருந்தது. சொல்லிவிட்டேன்.

அவர் அலுமாரியைப் பார்த்தார். கோபப்படுவார், எழுந்து போ என்பார் என்று காத்திருந்தேன். அதற்காகத்தான் போயிருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே கணக்கு ஒப்புவிப்பவர் போல மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, திறந்து பாத்திரிந்தா தெரிஞ்சிரிக்கும்?"

"ஓம் காக்கா."

"ஒரு தரம் பாத்திரிந்தா?"

"ஒரு தரம் போதும்."

"ஏன் பாக்கல்ல?"

காரணம் அவருக்கே தெரியும். அப்போது மகள் திரும்பி வந்து எங்கள் இருவருக்கும் பேரீச்சம்பழத்தை எடுத்து வைத்தாள். பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் ஒரு பழத்தை எடுத்து என் கையில் வைத்தார். தான் எடுக்கவில்லை.

"ஒருக்காப் பாத்திரிக்கலாமே தம்பி," என்றார். "நான் ஆரெண்டு நீங்க என்ட பேச்சக் கேட்ட? நான்தானே வேணாமெண்டன். நான்தானே வல்லாஹி எண்டு சொல்ல வெச்சன்." மகள் வாப்பாவின் தோளில் வந்து சாய்ந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்க என்னப் பொறுத்துக்கங்க தம்பி."

பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்கப் போனவன் நான். கடைசிவரை அந்த வார்த்தை என் வாயிலிருந்து வரவேயில்லை. ஓம் என்று மட்டும் தலையை ஆட்டினேன். அவர் ஊற்றித் தந்த கஞ்சியை முழுவதும் குடித்துவிட்டு, பள்ளிக்குப் போகிற கூட்டத்தோடு கூட்டமாக நடந்து வீட்டுக்கு வந்தேன்.